சாதித்தவை, எண்ணிக்கையில்

டோருன் பதினோரு நாள்
எதையும் எழுதவில்லை.
சுட்டி அசையவேயில்லை என்கிறது மென்பொருள்.
ஆரஞ்சு உரித்தபடி
ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறான்
பக்கத்து மேசை எய்ன்ட்ரிடே.

பன்னிரண்டாம் நாள்
ஒரே வரி அனுப்பினாள்:
நான்காம் தூணை மறுபடி பாருங்கள்.

பார்த்தோம்.
அதன்பின் எதுவும் நடக்கவில்லை.
அதாவது,
நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
சாதித்தவை, எண்ணிக்கையில்.
ஒன்று என்று அடித்தேன். அழித்தேன்.

ட்ரோன்ட்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டு.
காரைப் பாலத்து முனையில் நிறுத்தி
எண்ணத் தொடங்கினேன்.
மீன் லாரி, பள்ளிப் பேருந்து,
மறுபடி மீன் லாரி.
நாற்பத்தொன்று. எல்லாம் அக்கரை சேர்ந்தன.

இதை எந்தக் கோப்பாக இணைப்பது?
கெடு முடிய இன்னும் ஒரு மணி நேரம்.
அதோ, ஒரு சைக்கிள் வருகிறது.
அதையும் சேர்க்கலாமா?