சமாதானபுரம் போயிட்டு

பேட்டையில் ஏறும்போதே சொல்லிக்கொண்டேன்:
பாலம், வண்ணார்பேட்டை, பாளை பஸ் ஸ்டாண்டு,
அப்புறம் சமாதானபுரம். அங்கே இறங்கணும்.
உள்ளங்கையில் பேனாவால் 'ச' எழுதிவைத்தேன்.
தன் கையிலும் எழுதச் சொன்னான் ஆசீர்.
எழுதினேன். அதை அவன் மீனாக்கிவிட்டான்.

டாக்டர் கொடுத்த நேரம் நாலரை.
போன வாரத்து நாலரையை மறந்ததால் கிடைத்த
இந்த வாரத்து நாலரை.

பையில் பள்ளிக்கூடத்துக் கடிதம்:
'இருக்கையில் இருப்பதில்லை.
கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறான்.
பதில் முடியுமுன் வேறு கேள்வி கேட்கிறான்.'
அதோடு டாக்டரின் தாள். தலைப்பில் 'கவனக்குறைவு' என்று அச்சு.
கீழே பதினெட்டுக் கேள்விகள்.

ராத்திரி அவன் தூங்கினபிறகு நிரப்ப உட்கார்ந்தேன்.
பொருட்களைத் தொலைப்பதுண்டா?
உண்டு. மூக்குக்கண்ணாடி, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம்…
எட்டு வயதில் அவன் எந்த ரேஷன் கார்டைத் தொலைத்தான்?
அடித்துவிட்டு எழுதினேன்:
தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு.
தொடங்கியதை முடிக்காமல் விடுவதுண்டா?
அடுப்பில் பால் பொங்கும் வாடை வந்தது.
எழுந்துபோனவள் திரும்பி வரவில்லை.
தாள் இன்னும் எட்டாம் கேள்வியில் நிற்கிறது.

என்னை 'ஏட்டி' என்றார்கள்.
ஏட்டி, நெனப்பு எங்க கெடக்கு?
ஏட்டி, காதுல என்ன பஞ்சா?
முப்பது வருஷம் கழித்து
ஏட்டி போய் 'ஏல' வந்திருக்கிறது.
மிச்சமெல்லாம் பத்திரமாக இருக்கிறது,
என் வாயில்.
நானா எதையும் தொலைப்பவள்?

ஒருநாள் காலையில்
ஷூவுக்குள் பாதிக் காலை விட்டபடி
எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முதுகில்
ஓங்கி வைத்தேன்.
அவன் அழவில்லை.
'அம்மா, ஒங்க வளையல்ல ஒரு கல்லு விழுந்துட்டு' என்றான்.
இரண்டுபேரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.
எறும்பு போன வழியெல்லாம் தேடினோம்.
கல் கிடைத்தபோது
பள்ளிக்கூட ஆட்டோ போய்விட்டிருந்தது.

பாலத்தில் பஸ் நின்றது. நெரிசல்.
கீழே பங்குனி மெலிவில் தாமிரபரணி.
பாறைமேல் நீர்க்காகங்கள்
சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.
'பதினொண்ணு.'
'பன்னெண்டுல. ஒண்ணு முங்கிருக்கு.'
'முங்கின எடத்துல எந்திக்காதும்மா.'
தெரியும். அவன் வயதில் நானும் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.
எங்கே எந்திக்கும் என்று பந்தயம் கட்டினோம்.
அவன் கல்மண்டபப் பக்கம், நான் நாணல் பக்கம்.

பஸ் நகர்ந்துவிட்டது.
நாங்கள் அங்கேயே நின்றோம்.
எவ்வளவு நேரம் மூச்சடக்கும்,
மேலே நிழல் வருவது மீனுக்குத் தெரியுமா,
இமை இல்லாத மீன் எப்படித் தூங்கும்,
தூங்கும்போது ஆறு அதை இழுத்துக்கொண்டு போய்விடாதா,
போனால் எங்கே எழும்பும், புன்னைக்காயலிலா?

'எங்கம்மா எறங்கணும்?' கண்டக்டர் குனிந்தார.
'சமாதானபுரம்.'
'அது எப்பமோ போயிட்டும்மா. இது கேடிசி நகர்.'
பஸ்ஸில் நாங்கள் இரண்டுபேர்தான்.
எஞ்சின் அணைந்தபோதுதான்
இத்தனை நேரம் அது ஓடியது காதில் விழுந்தது.
மணி நாலே முக்கால்.

'இருங்க, திரும்பி எடுக்கும்போது நானே சொல்லுதேன்.'
அவர் டீ குடிக்கப் போனார்.
வேர்வையில் என் 'ச' கரைந்திருந்தது.
அவன் மீனுக்கு வால் மட்டும் மிச்சம்.
தாளை எடுத்து மடியில் விரித்தேன்.
'ஏல, ஒண்ணு கேக்கேன், சொல்லு.
தொடங்குனத முடிக்காம விடுவியா?'

நெற்றியைச் சுருக்கினான்.
ரொம்ப நேரம் யோசித்தான்.
இவ்வளவு நேரம் அவன் எதையும் யோசித்து
எந்த டீச்சரும் பார்த்திருக்கமாட்டார்.
'அம்மா,' என்றான்,
'அந்தப் பன்னெண்டாவது எந்திச்சிருக்குமா?'

அதைப் பார்க்கப் பாலம்வரை போகணும்.
நடுவில் சமாதானபுரம் வரும்.