அரிச்சல்முனை, மாலை ஐந்தரை

விசிலை மூன்று தடவை ஊதினேன்.
சுண்டல் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு
எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள்.
"கடல் என்ன இவங்க வீட்டுதா?"
என்று ஒரு குரல்,
காதில் விழட்டும் என்றே.

ஒருவன் மட்டும்
இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றான்.

கிட்டப் போனதும், நான் கேட்குமுன்பே
தொப்பியை எடுத்தான்,
கறுப்புக் கண்ணாடியை எடுத்தான்.
பைக்குள் கைவிடலாமா என்று
கண்ணால் கேட்டுவிட்டு விட்டான்.
யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்:
அயல்தேசத்துப் போலீஸ் முன்னால்
கை தெரியும்படி நில்,
சிரி, ரொம்பச் சிரிக்காதே.

பாஸ்போர்ட் வலக்கையில்.
அந்த முழங்கையை இடக்கை தாங்கியிருந்தது,
எங்கள் கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி.
கன்போல்ட். மங்கோலியா.
"வணக்கம் சார்" என்றவன்
என் கொண்டையைப் பார்த்துக் குழம்பி
"மேடம் சார்" என்றான்.

அவன் நாட்டில் கடல் இல்லையாம்.
போனில் காட்டினான்:
புல், குதிரை, மறுபடியும் புல்.
பிறகு ஐந்து விரலை விரித்தான்,
ஐந்தே நிமிஷம்.

விதியில் இடமில்லை.
நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன்.
விசா எண். லாட்ஜ் பெயர்.

எதிரே, கண்ணுக்கு எட்டாமல், தலைமன்னார்.
போன தை மாதம் என் அண்ணன் களஞ்சியம்
கோடு தாண்டினான் என்று
அங்கே ஒரு ஸ்டேஷனில் இருந்தான்.
தண்ணீரில் கோடு எப்படி நிற்கும் என்று
காக்கி போட்ட பிறகு கேட்க முடியாது.
திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னான்:
"மாத்தயானு கூப்பிட்டேன், புள்ள.
ஐயாங்கிறதவிட லேசா வந்துச்சு."
அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
அவனை உட்காரவைத்து எழுதினவர்
என்ன வேகத்தில் எழுதினார்
என்று நான் கேட்கவில்லை.

மங்கோலியாவை எழுத்துக்கூட்டி எழுதினேன்.
தகப்பன் பெயர் கேட்டேன்.
நோட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை.
நீளமான பெயர்;
இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.
பதில் சொல்லும்போது என்னைப் பார்த்தான்.
நான் எழுதும்போது கடலைப் பார்த்தான்.

வயர்லெஸ் கரகரத்தது.
"நம்புசெல்வி, முனை க்ளியரா?"
"ஒரு ஃபாரினர் சார். விசாரணைல இருக்காரு."

முழங்கால் நனைய இறங்கி
ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு
நாக்கில் வைத்தான்.
முகத்தைச் சுளித்தான்.
உடனே திரும்பி, அதற்கும் என்னிடம்
"சாரி" என்றான்.