கிளிப் போட்ட நேரம்

மேட்டூரில் மதகைத் தூக்கினால்
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர
இருபது நாளாகும். சில வருஷம் வராது.
சுற்றறிக்கையும் அப்படித்தான்.
எங்கோ யாரோ ரத்தம் எடுத்து, எடைபோட்டு,
ஆயிரமாயிரம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னது
அடப்பாற்றுக் கரையின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு
வந்து சேர்ந்தபோது
அதன் மேல் டீ டம்ளரின் வட்டம் பதிந்திருந்தது.

பிள்ளை பிறந்ததும் கொடியை அடைக்காதே,
ஒரு நிமிடமாவது பொறு.
நஞ்சில் மிச்சமிருக்கும் ரத்தம் பிள்ளையுடையது.
அவ்வளவுதான்.
மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம்,
இன்டென்ட் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

தஞ்சாவூரில் பயிற்சி. குளிர் அறை, பொட்டலத்தில் தயிர்சாதம்,
பெயரைத் தப்பாக அடித்த சான்றிதழ்.
எனக்குப் புரிந்தது.
என் வலது கைக்குப் புரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை
பிள்ளை வந்த மூச்சிலேயே கிளிப் போட்டிருக்கிறது.
திரும்பி வந்த முதல் பிரசவத்தில்
'பொறு' என்று நான் நினைத்து முடிப்பதற்குள்
கத்தரிக்கோல் தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.
துர்கேஸ்வரிக்கு என்ன தெரியும், சிரித்தாள்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு
பஞ்சு தேடினேன்.

சுவர்க் கடிகாரம் மூன்று இருபதில் நின்று
ஒரு தீபாவளி போயிருந்தது.
பேட்டரி என் காசு.
அப்புறம் பதிவேட்டில்
அச்சடித்த கட்டங்கள் முடிகிற இடத்தில்
ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு.
தலைப்பு: கிளிப் போட்ட நேரம்.
கைக்கு நான் வைத்த காவல்.

சும்மா நிற்கிறவளுக்குத்தான் தெரியும்
ஒரு நிமிடத்தின் நீளம்.
"என்ன சிஸ்டர், மலைச்சுப்போயி நிக்கிறீங்க?"
ஆயா மரியபுஷ்பம்.
"உள்ள என்னதான் பண்றாங்க?"
கதவுக்கு வெளியே ஒரு கூட்டம்.
தாயின் வயிற்றில் துண்டுக்குள் பிள்ளை.
என் இரண்டு விரலுக்கு நடுவே கொடி துடிக்கிறது,
துடிக்கிறது,
நீலமாக இருந்த பாதம்
கட்டைவிரலிலிருந்து சிவந்துகொண்டு வருகிறது.

எப்போதும் பொறுக்க முடிவதில்லை.
ஐப்பசி அடைமழையில் வந்த ஒன்று
துடைத்தும் தடவியும் அழவில்லை.
அறுத்தேன், ஓடினேன், பையை அழுத்தினேன்.
ஒன்பதாவது அழுத்தலில் இருமியது.
கட்டத்தில் 'இருபது வினாடி' என்று எழுதி
பக்கத்தில் காரணமும் எழுதினேன்.
எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசி நாளில்
வேறொரு பிள்ளையின் குதிகாலைக் குத்தி
லேப் ஹாஜா மைதீன் கூப்பிட்டுச் சொன்னார்:
பத்து புள்ளி எட்டு. பரவாயில்லையே!
ஒரு பிள்ளையின் எண் எதற்கும் சாட்சி ஆகாது.
தெரியும்.
ஆனாலும் அந்தச் சீட்டை மடித்து
பர்ஸில் பஸ் பாஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் புயல்.
கரண்ட் போய், இன்வெர்ட்டரும் முனகி அடங்கியது.
மரியபுஷ்பத்தின் கையில் செல்போன் வெளிச்சம்,
அது கொடிக்கு மட்டுமே போதும்.
கடிகாரம் இருந்த சுவரே தெரியவில்லை.
பிள்ளை வழுக்கி வந்து வீறிட்டது.
இரண்டு நாள் தொடர் டூட்டி,
என் கை பழைய வழியில்
தானாகக் கிளிப்பைத் தேடிப் போனது.

"இருங்க சிஸ்டர், இன்னும் துடிக்குதுல்ல."

இந்த வேலைக்கு வருமுன்
களத்தில் மரக்கால் பிடித்தவள்.
வெளிச்சத்தை அசைக்காமல்
நெல்லுக்கு எண்ணுகிற கணக்கில் ஆரம்பித்தாள்:
லாபம்...
ரெண்டு...
மூணு...

அறுபது வரைக்கும்
நான் வாய் திறக்கவில்லை.