கிலோவுக்கு ஐம்பது கிராம்

செவ்வாய்க்கிழமை கரண்டை நிறுத்துவார்கள்.
கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட
எத்திராஜ் ஏணியோடு வருவார்.
மணலி புதுநகரே விசிறிக் காற்றில்லாமல்
வாசலில் வந்து நிற்க,
நான் கோணியை மடித்து இடுப்பில் வைத்து
அவர் பின்னால் நடப்பேன்.
விழுவது பெரும்பாலும் முருங்கை.
"மறுபடியும் கோழிக்கா?"
"கோழிக்குத்தான்."
"மனுசனுக்கே கீரை எறங்க மாட்டேங்குது."

சோயாப் புண்ணாக்கு
மூன்று மாதத்தில் மூன்று விலை.
நானூறு குஞ்சு எடுத்த கடனுக்கு மட்டும்
மாறாத வட்டி.
நாற்பத்திரண்டு நாளில்
இரண்டு கிலோ ஆகியாக வேண்டிய உயிர்களுக்கு
பசி ஒரு வேலை.
ராத்திரியும் விளக்கைப் போட்டு
வேலை வாங்குகிறேன்.

இலையைக் கழுவுவது தனிக் கதை.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
எங்கள் பக்கத்தில் மரத்தின் மேலும் உண்டு
மாத்திரை டப்பாவின் மேலும் உண்டு.
நீல அண்டாவில் முதல் தண்ணீர்
சிலேட்டு கழுவிய தண்ணீர்.
இரண்டாவது கொஞ்சம் பொய் சொல்லும்.
மூன்றாவதில்தான் இலை இலையாகும்.

வெயிலில் போடாதே, நிழலில் உலர்த்து என்று
மாதவரத்துப் பயிற்சியில் சொன்னார்கள்.
எங்கள் வீட்டில் நிழல் என்றால் கட்டில்.
ஆகவே கட்டிலில் இலை,
தரையில் நாங்கள்.
விசிறிக் காற்றில் பறந்து வந்த சருகொன்றைக்
காதில் செருகிக்கொண்டு எழுந்தார் ஏசுபாதம்.
எடுத்துவிடவில்லை நான்.
அப்படியே வேலைக்குப் போனார்.

வலை கட்டிக் கொட்டகையை மூன்றாகப் பிரித்தேன்.
இடப்பக்கம் வெறும் தீவனம்.
நடுவில் கிலோவுக்கு ஐம்பது கிராம் இலைமாவு.
வலப்பக்கம் நூற்றைம்பது,
அது என் பேராசை.

வலப்பக்கத்தார் நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.
அலகால் பச்சையைத் தள்ளித் தள்ளி
மக்காச்சோளக் குறுணையை மட்டும் பொறுக்க,
தட்டைச் சுற்றிலும் பச்சையாய் ஒரு வட்டம்.
முப்பதாம் நாள் தராசில்
கால் கிலோ கோபித்துக்கொண்டிருந்தார்கள்.
நடுவில் இருந்தவர்கள் பெரிய மனசுக்காரர்கள்.
நாற்பது கிராம்தான் குறைவு,
ஒரு முட்டை எடைகூட இல்லை.
மூட்டைக்கு மிச்சம் எண்பத்தேழு ரூபாய்.
நோட்டில் எழுதி இரண்டு கோடு இழுத்தேன்.

கால்களை எழுதவில்லை.
நடுப்பக்கத்துக் கோழிகளுக்கு
கால் மஞ்சளேறிக்கொண்டே போனது,
வெள்ளிக்கிழமை குளித்து வந்தவைபோல.

வியாசர்பாடி ஜிலானி கடையில்
ஒரு பெண் விரலை நீட்டினாள்.
"இன்னாது இது, கலர் ஊசியா?"
ஜிலானி என்னைப் பார்த்தார்.
நான் தராசைப் பார்த்தேன்.
"முருங்கைக்கீரை" என்றேன்.
கடையே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"எம்புள்ளைக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிக்கிறாங்க,
கோழிக்கு முருங்கக்கீரையா?"
வெளிர்கால் கோழியாய்ப் பார்த்து
வாங்கிப் போனாள்.
ஜிலானி மஞ்சள்கால் ஒன்றைத்
தன் வீட்டுக்கு ஒதுக்கிவைத்தார்,
சமாதானத்துக்கோ, நிஜமாகவோ.

ஐம்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில்
காலிக் கூடையோடு நின்றுகொண்டே வந்தேன்.
மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தது, கேட்டாள்.
சாம்பலை யாரும் கேட்கவில்லை.
அது இலையிலிருந்து எவ்வளவு போனது
மாவில் எவ்வளவு தங்கியது
கறிக்குள் போகுமா போகாதா,
மாதவரத்தில் நானும்தான் கேட்கவில்லை.
கேட்டால் பதில் வந்துவிடுமே என்று
அன்று நினைத்தேனா, தெரியாது.

அடுத்த செவ்வாய்.
ஏணி, அரிவாள், கோணி.
எத்திராஜ் சட்டையைத் தட்டினால்
மேகம்போல் எழுந்தது.
வீட்டுக்கு வந்து
நாலாவது தண்ணீர் வைத்தேன்.
லாரித் தண்ணீர், குடம் எட்டு ரூபாய்,
மூட்டைக்கான இலைக்கு மூன்று குடம்.
நோட்டில் எண்பத்தேழை அடித்து
அறுபத்துமூன்று என்று எழுதினேன்.
அண்டாவை எட்டிப் பார்த்தேன்.
நாலாவதும் தெளிவாக இல்லை.