ஊதா மை

ஆவணி பன்னிரண்டு முகூர்த்தம்.
விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினால்
பத்திரிகை வைக்க ஒரு மாதம் வேண்டும்.
அந்த மாதம் ஆடி.
ஆடியில் நீட்டினால்
அத்தைமார் கை நீட்டமாட்டார்கள்.
அதனால் ஆனிக் கடைசியிலேயே
தருமபுரி நாலு ரோட்டில் அச்சடித்து
நானூறையும் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தோம்,
மாதப்பன் சித்தப்பா பெயர் இல்லாமல்.
தக்காளி மண்டிக் கணக்கில்
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

பதினெட்டாம் பெருக்கன்று ஒகேனக்கல்லில்
தண்ணீர் அதிகம், பரிசல் ஓடவில்லை.
மீன் வறுக்கும் அடுப்படியில்
அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே பெஞ்சு.
முள்ளைத் துப்பிவிட்டு அவர் கேட்டாராம்,
"பத்திரிகை அடிச்சாச்சா?"
"இன்னும் இல்ல."
அப்பாவுக்குப் பொய் அவ்வளவு வேகமாக வரும் என்று
எனக்குத் தெரியாது.

மறுபடி அடிக்கப் பணமில்லை.
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம்
ரப்பர் ஸ்டாம்பு, நூற்றிருபது ரூபாய்.
பொன்னெழுத்துக்குக் கீழே ஊதா மையில்
நானூறு முறை குத்தினேன்.
இருநூறு தாண்டியதும் கை சாய்ந்தது,
சித்தப்பாவும் சாய்ந்தார்.

ஆவணி ஒன்று.
முதல் பத்திரிகை குலசாமிக்கு,
அடுத்தது அவருக்கு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கட்டைவிரலால் தேய்த்தார்.
வழவழப்பு அட்டையில் மை காய்வதேயில்லை.

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு
வண்டிச் சாவியைத் தேடினார்:
"பதினோரு நாள்ல நானூறு வீடு
நீ எப்படி முடிப்ப?
மாரண்டஹள்ளி பக்கத்த எங்கிட்டக் குடு."