அக்குள் ஆஃப்சைடு

கோல் என்று எழுந்தவர்கள்
இன்னும் உட்காரவில்லை.
லுனாஸ் மாமாக் கடையில் இரவு பதினொன்றரை.
திரையில் நடுவர் காதில் விரல் வைத்து
எங்கோ ஓர் அறையில் இருப்பவனைக் கேட்கிறார்.
இங்கே பதினேழு பேர்
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.
யுகேந்திரனின் தே தாரிக்
பாதி வாயில், பாதி சட்டையில்.

கோடு போடுகிறார்கள்.
நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று.
படத்தை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து,
மறுபடி ஒரு மயிரளவு முன்னுக்குத் தள்ளி
கண்டுபிடித்துவிட்டார்கள்:
கால் இல்லை, முழங்கால் இல்லை,
அக்குள்.
ஒரு மனிதனின் அக்குள்
கோட்டைத் தாண்டிவிட்டதாம்.

"அக்குள்ளயா லா கோல் அடிப்பான்?"
அந்தோணிராஜ் மேசையைக் குத்தினான்,
குழம்புக் கிண்ணம் ஒரு துள்ளு துள்ளியது.
"காலை வாரத்தான் இதுக்கு
வார்னு பேரு வச்சிருக்கான்."

"போன மாசம் இதே வார்தானே
உனக்கு பெனால்டி வாங்கிக் குடுத்துச்சு?
அப்ப இனிச்சுதா?" இது புவனேஸ்.
மருந்துக்கடையில் வேலை,
மில்லிகிராம் கூடினாலும் கூடுதல்தான் அவனுக்கு.

"நாலு நிமிஷம் பொறுத்துக் கத்துறது
ஆறிப்போன ரொட்டிடா. மெல்லலாம், ருசிக்காது."
பின்மேசையில் யாரோ.
சிரிப்பு. பிறகு மறுபடி சண்டை.

"துர்க்கா, நீ சொல்லு. கொடி பிடிக்கிறவ."
கேட்டது யுகேந்திரன்.
ஒரு வாரமாக என்னோடு பேசாதவன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டோரம் ஓடுகிறவள்.
மற்ற நாள் செம்பனை ஆலையில்
லாரிகளை எடை போடுகிறவள்.
எடைமேடைக்கு மேலே இரண்டு கேமரா.
காய்க் குலை என்று முந்நூறு கிலோ
அவன் லோடில் கழித்த அன்று
"படத்தைப் போட்டுக் காட்டுங்க" என்றான்.
அது ஆலைக்கு, டிரைவருக்கு இல்லை
என்றார் மேலாளர்.
ரசீதை நீட்டியது என் கை.

அதன் பிறகு போன ஞாயிறு.
தமிழ்ப்பள்ளித் திடல், இறுதி ஆட்டம், கடைசி நிமிடம்.
அவன் தம்பி அடித்த கோலுக்கு
நான் கொடியைத் தூக்கினேன்.
ஒரு பையன் கைப்பேசியில் பிடித்திருந்தான்.
ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன்,
கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது தடவை.
பந்தை உதைக்கும் அந்த நொடியில் சரியாக
ஒரு மாடு குறுக்கே போகிறது.
முதல் தடவை உறுதியாக இருந்தேன்.
நாற்பதாவது தடவை
மாட்டை மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என்ன சொல்வது?
"அக்குள் அக்குள்தான்" என்றேன்.
யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கல்லாவில் இன்னொரு வழக்கு.
அந்தோணிராஜ் தின்ற ரொட்டி இரண்டா, மூன்றா?
"கேமரா இருக்கு தம்பி" என்றார் நானா.
ஏழு தலைகள் சின்னத் திரைக்குள் புகுந்தன.
"நிறுத்து, நிறுத்து, பின்னால போ."
"தட்டை அவன் கை மறைக்குது."
"அது இவன் தட்டே இல்ல, புவனேஸ் தட்டு."
"கோடு போட்டுப் பாருங்க நானா!"

நான் திரைப் பக்கம் போகவில்லை.
எதிரில் உட்கார்ந்து அவன் தின்றதைப் பார்த்தவள்.
இருந்த இடத்திலிருந்தே
மூன்று விரலைத் தூக்கினேன்.

அந்தோணிராஜ் என்னைப் பார்த்தான்,
விரல்களைப் பார்த்தான்,
மறுபேச்சு இல்லாமல் பர்ஸைத் திறந்தான்.

"அன்னிக்கும் இப்படித்தான் தூக்கினே"
என்றான் யுகேந்திரன்
மோட்டார்சைக்கிளை உதைத்தபடி.
குறையா, பாராட்டா?
முகத்தைப் பார்ப்பதற்குள்
வெளிச்சம் திரும்பிவிட்டது.