அரியர் பேப்பர்

நாளை பத்து மணிக்கு எழும்பூரில் பரீட்சை.
மூன்றாம் முறை.
குகையில் தொடங்கி கோதிக்கில் முடிகிற தாள்;
முப்பதாயிரம் வருடத்துக்கு மூன்று மணி நேரம்.

காசிமேட்டில் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் எகிப்துக்காரன் நடக்கிறான்:
முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக,
தோள் இரண்டும் நம்மைப் பார்த்து.
ஐஸ் பெட்டிகளின் சந்தில் கூடையோடு நுழையும்
கிளாடிஸ் அக்கா அப்படித்தான் நடப்பாள்.
இதை எழுதினால் மார்க் வராது.

கிரேக்கச் சிலைகள் வெள்ளையே இல்லையாம்.
உதட்டில் சிவப்பு, மயிரில் மஞ்சள்,
புதுசாய்த் தண்ணியில் இறங்கும் விசைப்படகு மாதிரி
பளிச்சென்று நின்றிருக்கிறார்கள்.
மண்ணுக்குள் கிடந்து வர்ணம் உதிர்ந்தது.
தோண்டி எடுத்தவர்கள்
உதிர்ந்ததையே அழகென்று பாடம் வைத்தார்கள்.

ரோமை எப்போதும் சாய்ஸில் விட்டுவிடுவேன்.

பைசாந்தியம்:
தங்கச் சில்லுகளை வேண்டுமென்றே சாய்த்துப் பதித்தார்கள்,
விளக்கு அசைந்தால் சுவரும் அசையும்படி.
வார்ப்புத் தண்ணீரில் டீசல் படலம் மினுங்க
தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன்.

வேதப் புத்தகத்தின் ஓரத்தில்
நத்தையோடு வாள்சண்டை போடும் வீரன்.
வரைந்த துறவிக்கும்
அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வந்திருக்கும்.

அப்போதுதான் ஜெரால்டு வந்தான்,
படகின் அடிவயிற்றுக்கு ரெட் ஆக்சைடு அடித்த கையோடு.
குகைக்காரன் வாயில் குதப்பி ஊதியதும் அதே துருதான்.
இருட்டில் செருப்பு தடுக்கி
சுவரில் கையை ஊன்றிவிட்டான்.

"ஐயோ, போன மாசம் அடிச்ச சுண்ணாம்புடா!"

வெளிச்சத்தைத் திருப்பினேன்.
உள்ளங்கை. மூன்று விரல்.
மற்ற இரண்டும்
போன ஆடியில் வின்ச் கயிற்றோடு போனவை.

பிரான்சில் ஒரு குகை, பக்கம் பதினொன்று.
சுவரெல்லாம் விரல் குறைந்த கைகள்.
வெட்டிக்கொண்டார்கள் என்கிறார் ஒருவர்,
குளிர் தின்றது என்கிறார் இன்னொருவர்,
ஒன்றுமில்லை, மடக்கிக் காட்டிய சைகை என்கிறார் மூன்றாமவர்.
கருத்துக்கு ஒரு மார்க்.

"இன்னா பாக்குற?"
படத்தைக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்,
மீதி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி.

"அப்பவே வின்ச்சு இருந்துச்சா?"

கரண்ட் வந்தது.
மின்விசிறி பக்கங்களைக் கலைத்தது.
மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு
சுவரைத் துடைக்கப் போனான்.

வேணாம், காயட்டும் என்றேன்.